அமைதி மூலையா, தண்ணீர்க் கானா?

ஒரு இடத்தில் இருக்க முடியாத பிள்ளைகளுக்கும், சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிற பிள்ளைகளுக்கும் எங்கள் முன்பள்ளியில் இரண்டு வழியைச் செய்து பார்த்தோம். ஒன்று, பழைய சேலையால் மறைத்து, பாயும் தலையணையும் போட்ட அமைதி மூலை. மற்றது, பாடத்துக்கு நடுவில் தண்ணீர்க் கான் தூக்குவது மாதிரி உடம்புக்குக் கொஞ்சம் பாரமான வேலை. நான் வேலையின் பக்கம்தான்.

செலவு இரண்டிலும் பெரிதில்லை. கல்லடி மாதிரிக் கடலோரத்தில் மார்கழி மழைக்குத் தலையணை பூஞ்சணம் பிடிக்கும், அவ்வளவுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது மற்றவர்களின் பார்வை. மூலையில் விடுவது என்றால் நம் ஊரில் தண்டனைதானே, அதனால் எவ்வளவு சோடித்து வைத்தாலும் ஒரு பிள்ளை உள்ளே போனதும் "மிஸ், அவன் என்ன செஞ்சவன்?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்டுவிடுகிறார்கள். ஒரு அம்மா வாசலில் நின்றே "என்ட புள்ளைய ஏன் மிஸ் மூலைக்குள்ள வெச்ச நீங்க?" என்றார், எவ்வளவு விளக்கியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அரைவாசி நிரப்பிய ஐந்து லீற்றர் கானைத் தூக்கிக்கொண்டு செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற பிள்ளையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, "நானும் மிஸ்" என்று பின்னால் வரிசை நிற்கும். சட்டைக் கழுத்தைச் சப்பிச் சப்பி ஈரமாக்குகிற ஒருவன் இருக்கிறான். இரண்டு கையாலும் கானைப் பிடித்து, முழங்காலை மடித்து நடந்து போய் வந்தால் கதை முடியும்வரை இருப்பான், சப்புவது மட்டும் குறையவில்லை. தசைக்கும் மூட்டுக்கும் பாரம் கிடைத்தால் பல பிள்ளைகள் அடங்குவார்கள் என்பது, அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கி உதவுபவர்) ஜீன் ஏர்ஸ் 1970களில் எழுதிய புலன் ஒருங்கிணைப்புக் கருத்தோடு, அதாவது தொடுகை, அசைவு, சத்தம் போன்றவற்றை மூளை சேர்த்துக் கையாளும் விதம் பற்றிய கருத்தோடு, ஒட்டி வந்த வழி.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் கான் உதவாது, காதைப் பொத்துகிற பிள்ளைக்குச் சத்தத்தை விட்டு விலகத்தான் வேண்டும். அதற்காகப் பாயை என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து இருக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு எனக்கு அனுபவம் குறைவு, அவர்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். இப்படியான புலன்சார் சிகிச்சைகளுக்கு ஆதாரம் இன்னும் போதாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012இல் சொல்லியிருக்கிறது. அதனால் கான் தூக்குவதைச் சிகிச்சை என்று பெற்றோருக்கு நான் சொல்வதில்லை.