ஒரே பலகை, இரு பதிப்புகள்: ஹாருனோபுவின் நாட்காட்டிப் படங்கள்
எடோ கால (1603–1868) ஜப்பானில் 30 நாள் கொண்ட பெரிய மாதங்களும் 29 நாள் கொண்ட சிறிய மாதங்களும் ஆண்டுதோறும் இடம் மாறின. நாட்காட்டி அச்சிடும் உரிமையோ சிலருக்கே இருந்தது. ஆகவே 1765ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்காக எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து வசதி படைத்த ரசிகர்கள், மாத எண்களை மறைத்துவைத்த மரப்பலகை அச்சுப் படங்களை சுசுகி ஹாருனோபு போன்ற ஓவியர்களைக் கொண்டு உருவாக்கி, தமக்குள் பரிமாறிக்கொண்டனர்.

ஹாருனோபுவின் அத்தகைய படம் ஒன்றில், திடீர் மழையில், காலணி ஒன்று கழன்று விழ, கழியில் காயும் கிமோனோவை (ஜப்பானிய நீள அங்கியை) எடுக்க ஓடுகிறாள் ஒரு பெண். அந்தக் கிமோனோவின் வேலைப்பாட்டிலேயே ஆண்டும் பெரிய மாதங்களின் எண்களும் ஒளிந்திருக்கின்றன.

பின்னர் பதிப்பாளர்கள் இத்தகைய பலகைகள் பலவற்றிலிருந்து எண்களையும், சிலவற்றில் புரவலரின் பெயரையும் நீக்கிவிட்டுக் கடைகளில் விற்றனர். பல வண்ண அச்சு பொதுமக்களை எட்டியதில் இந்த வணிகப் பதிப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆண்டு முடிந்தாலும் அது பழசாவதில்லை. எனினும் நான் தேர்ந்தெடுப்பது முதற்பதிப்பையே. செலவைப் பாராமல் அச்சிட்ட அதன் கோடுகள் கூர்மையானவை. புதிரை எடுத்துவிட்டால் அந்தக் கிமோனோ வெறும் துணிதான்.