காபி மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறு, போனது 11,490 ரூபாய்

வீட்டுக்கு காபி மெஷின் வாங்கும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். திருச்சியில் மாடி மாடியாக இருக்கும் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் 11,490 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டர்தான். டிகாஷன் இறங்கியதும் மேல் பாத்திரம் சில நாள் கீழ்ப் பாத்திரத்தோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருப்பதால் அதைத் திருகிக் கழற்ற முடியவில்லை. விடிகாலையில் எழுந்துவிட்டு, நான் எழுந்து வரும்வரை ஒரு வாய் காபிக்காக உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அங்கிருந்த விற்பனைப் பையன் அம்மாவின் கையைப் பார்த்தான். முதலில் நாற்காலி எடுத்துப் போட்டான். "எங்க அம்மாவுக்கும் இதே கை வலிதான்க்கா. அவங்களுக்கும் இந்த மெஷின்தான் வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றான். 80:20 ஃபில்டர் காபிப் பொடி பாக்கெட்டை எங்கள் முன்னாலேயே பிரித்துப் போட்டு பட்டனை அழுத்தினான். உர்ரென்று ஒரு சத்தம், அரை நிமிடத்தில் கெட்டியாக டிகாஷன் இறங்கியது. பாலை நுரைக்க வைத்து, முதல் டம்ளரை அம்மா கையில்தான் கொடுத்தான். "திக்கா நல்லா இருக்குப்பா, சர்க்கரைதான் கம்மி" என்றார் அம்மா. சிக்கரி கலந்த பொடி போடலாமா என்று கேட்டேன். "இப்பப் போட்டதே அதுதானேக்கா, தாராளமா போடுங்க. 15 பார் பம்ப், இழுத்துக் குடுத்துரும்." மெஷின் முன்னால் இருந்த அட்டையிலும் 15 பார், 11,490 ரூபாய் என்றுதான் எழுதியிருந்தது. பார் என்பது அழுத்தத்தின் அளவு.

காட்சிக்கு வைத்ததைத் தர மாட்டார்களாம், குடோனிலிருந்து புதிது வருமாம். கீழே பில் போட்டு 11,490 கட்டிய பிறகு டேப் ஒட்டிய பெட்டி வந்தது. படத்தில் நிறம் வேறாக இருக்கிறதே என்றேன். "அதே மாடல்தான்க்கா, கலர் மட்டும்தான் மாறும்" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

வீட்டில் பிரித்தால், கடையில் பின்பக்கம் பார்த்த தண்ணீர்த் தொட்டியே இதில் இல்லை. தலையில் ஒரு திருகு மூடி, அதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஸ்விட்ச் போட்டால் அந்த உர்ர் சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, கொதித்துச் சீறிக்கொண்டு கருகல் வாடையோடு கொஞ்சம் டிகாஷன் கொட்டியது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

இது பம்ப் மெஷினே இல்லை. மூடிய பாய்லரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியின் அழுத்தத்தில் பொடிக்குள் தள்ளுகிற வகை. இவற்றில் அழுத்தம் மூன்றரையிலிருந்து ஐந்து பார் வரைதான் வரும். எஸ்பிரஸோவுக்கு, அதாவது அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபிக்கு, ஒன்பது பார் அழுத்தமும், 90 முதல் 96 டிகிரி சூட்டில் தண்ணீரும் வேண்டும். இதில் தண்ணீர் அதைத் தாண்டிக் கொதித்துப் பொடியைக் கருக்கிவிடுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 5 பார் என்று போட்டிருக்கிறது. பில்லில் இருப்பதும் இதே மாடல் எண்தான். கடையில் வைத்திருந்த மெஷினின் எண்ணுக்கும் இதற்கும் கடைசியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்த வகை வெளியில் பாதி விலைக்குள் கிடைக்கிறது. என்னிடம் வாங்கியது 11,490!

மறுநாளே தூக்கிக்கொண்டு போனேன். மாடி மேலாளர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சீல் பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம், கம்பெனியைத்தான் கேக்கணும்." அந்தப் பையன் எங்கே என்றால் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, கடையைக் கேளுங்கள் என்கிறார்கள். இதற்கிடையில் பொடி போட்டு மாட்டும் கைப்பிடி ஓரத்தில் நீராவி கசிய ஆரம்பித்தது. ஒருவழியாக வந்த மெக்கானிக் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "உப்புத் தண்ணி ஊத்திருக்கீங்க" என்றார். நாங்கள் ஊற்றியது கேன் தண்ணீர், கேனைக் காட்டினேன். உடனே பேச்சை மாற்றி, "சிக்கரி பொடி போட்டா வாரன்டி கிடையாதுங்க" என்கிறார். கடையில் எங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டியது என்ன பொடி? அதற்குப் பதில் இல்லை. விசிட் சார்ஜ் மட்டும் கேட்டார், கொடுக்கவில்லை. முடியாதவர் ஒருவரை உட்கார வைத்து, கையில் காபி கொடுத்து நம்ப வைத்து இப்படிச் செய்திருக்கிறார்கள். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில்லில் வேறு கெடு எதுவும் போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சீல் பிரித்தாகிவிட்டது என்று சொன்னால் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள்.

விரிவாக எழுதலாம் என்றுதான் இருந்தேன், கோபத்தில் ஓடவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். கழற்றி மாட்டும் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, தலையில் திருகு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். திருகு மூடி இருந்தால் அநேகமாக நீராவி வகைதான். மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, 'பம்ப் வகை' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சிக்கரி கலந்த பொடி பற்றிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று அங்கேயே படியுங்கள்.

ஏற்கெனவே நீராவி வகை மெஷின் வீட்டில் இருக்கிறவர்கள், ஸ்விட்ச்சை அணைத்து, நீராவிக் குமிழைத் திறந்து, உள்ளே இருக்கும் அழுத்தம் முழுக்கப் போன பிறகுதான் மூடியையோ கைப்பிடியையோ தொட வேண்டும். வயதானவர்களைத் தனியாகத் திறக்க விடாதீர்கள்.