எங்கள் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு: ஓராண்டு உள்ளே இருந்து பார்த்தது

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்தேன். கடைசி ஆண்டு குறைதீர் குழுவில் நான்தான் மாணவர் பிரதிநிதி. புகார் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடுங்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

முதலில் வந்தது லேப் நேரம் பற்றிய புகார். இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு பிராக்டிகலை மாலை 5 மணி வரை இழுத்துவிட்டார்கள். முக்கூடல், பாப்பாக்குடிப் பிள்ளைகள் ஜங்ஷன் போய் அடுத்த பஸ் பிடித்து வீடு சேர இரவு 8 ஆகிவிடும். அப்புறம்தான் அம்மாவோடு பீடி சுற்ற உட்கார வேண்டும். கல்லூரித் தளத்தில் புகாரைப் பதியச் சொன்னால், "எக்கா, பேரைப் பாத்துட்டு இன்டர்னல்ல கை வச்சிருவாவளோ?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பயம் நியாயமானது. புகார் குழுவுக்கு வரும்போது நிர்வாகத்தின் கருத்தும் கூடவே வரும். அதற்குள் பெயர் துறைக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் ஒவ்வொரு பெயராக வாசிக்கவும் செய்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் வேலை நடந்தது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிப்படி புகார் கைக்கு வந்து கூடுமானவரை 15 வேலை நாளில் குழு பரிந்துரை அனுப்ப வேண்டும். எங்கள் குழு 11ஆம் நாளே கூடியது. தலைவராக இருந்த பேராசிரியை பஸ் நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே லேப் காலைக்கு மாறியது.

என் குறை மாணவர் பிரதிநிதிக்குக் கொடுக்கும் நாற்காலியைப் பற்றியது. ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு ஆசிரியர்கள் உறுப்பினர்கள். மாணவர் வெறும் 'சிறப்பு அழைப்பாளர்'. கூட்டம் நடக்க தலைவரோடு சேர்த்து மூன்று பேர் வேண்டும். அந்த மூன்று பேரில் மாணவர் கணக்கில்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஒருமுறை எனக்குச் செமினார் இருந்தது, நான் இல்லாமலே விடுதித் தண்ணீர்ப் புகாரை முடித்துவிட்டார்கள். விடுதியில் இருக்கிற ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

என்னை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவும் இல்லை. மதிப்பெண், விளையாட்டு, கலை இவற்றைப் பார்த்து நியமிப்பதுதான் விதி. மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றமே ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை, செலவு 5,000 ரூபாய்க்குள் என்று வரம்பெல்லாம் அதில் உண்டு. அப்படி ஒரு தேர்தல் எங்கள் கல்லூரியில் நடந்திருந்தால் நான் கட்டாயம் நின்றிருப்பேன். வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு வந்திருந்தால் அந்த மேசையில் என் குரல் இன்னும் உரக்க வந்திருக்கும்.

புகார் கொடுப்பவர்கள் புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தனியாகக் கொடுக்காமல் நாலைந்து பேராகச் சேர்ந்து கொடுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு போகலாம், அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். அவரைப் பற்றிய விவரம் கல்லூரித் தளத்திலும் கையேட்டிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எங்கள் தளத்தில் இன்னும் ஏற்றவில்லை. போன வாரமும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.