பிணத்தைத் தேடும் மூதாட்டி: '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவல் விமர்சனம்

அகதா கிறிஸ்டியின் இந்த 1957 நாவலில் கொலை முதல் அத்தியாயத்திலேயே நடந்துவிடுகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் சேர்ந்தாற்போல ஓடும் ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதை மிஸஸ் மெக்கில்லிகடி பார்த்துவிடுகிறார். தெரிந்தது அவன் முதுகு மட்டும். பிணம் எங்குமே கிடைக்காததால் போலீஸ் கைவிரித்துவிடுகிறது. தோழியின் பேச்சை முழுதாக நம்புகிறவர், கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள்தான்.

நாவலின் உச்சம் இதற்கு அடுத்த சில அத்தியாயங்கள். அதே தடத்தில் அவரே ரயிலேறிப் பார்க்கிறார், வரைபடங்களைப் புரட்டுகிறார், எந்தெந்த வண்டி அந்த நேரத்தில் ஓடியது என்று ரயில்வேயில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையனிடம் விசாரிக்கிறார். பிராக்ஹாம்ப்டன் நெருங்கும்போது ஒரு வளைவு, உயரமான கரை, கீழே ரதர்ஃபோர்டு ஹால் பங்களாவின் நிலம். பிணத்தைத் தள்ளிவிட்டால் அங்கேதான் விழும். இந்தக் கணக்கில் ஓட்டையே இல்லை.

கரையில் ஏறி இறங்க உடம்பில் தெம்பில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்காக ஓய்ந்து உட்காராமல், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்த லூசியைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அந்தப் பங்களாவுக்கே வீட்டு வேலைக்கு அனுப்புகிறார். கோல்ஃப் பழகும் சாக்கில் லூசி கரையோரப் புதர்களைக் கிளற, முள்ளில் சிக்கிய ரோமத் துணுக்கு ஒன்று கண்ணில் படும் இடம் அருமை.

குறையும் உண்டு. நடுப்பகுதி முழுக்க லூசியின் ராஜ்ஜியம். மார்ப்பிள் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறார். பங்களாக் குடும்பத்தின் செட்ரிக், ஹரால்ட், ஆல்ஃபிரட் என்ற மூன்று சகோதரர்களைப் பலர் குழப்பிக்கொள்வார்கள். பெயர்களைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அவர்களுடைய தாத்தாவின் உயில் பற்றிய பக்கங்களை மட்டும் தாண்டிவிடாதீர்கள். வாரிசு குறையக் குறைய மிஞ்சியவர்களின் பங்கு கூடும் என்பது புரியாவிட்டால் பின்பாதியின் பதற்றமே போய்விடும். முடிவு விறுவிறுப்பானது. ஆனால் வாசகரே குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் போதுமான துப்பு தரப்படவில்லை. புதிர் ரசிகர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

மார்ப்பிளே நேரில் களமிறங்க வேண்டும் என்பவர்களுக்கு 1971இல் வந்த 'நெமிஸிஸ்' பொருத்தம். அதன் வேர் 1964இன் 'எ கரீபியன் மிஸ்டரி'யில் இருப்பதால், அதை முதலில் படித்துவிடுங்கள்.

அமெரிக்கப் பதிப்பில் தலைப்பு 'வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா!'. இரண்டும் ஒரே கதை. வேறு புத்தகம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.