கயாக் ரேக்கைத் தூக்காமல் கழற்ற ஒரு சக்கர மேடை

காரின் பின்பக்க ஹிட்சில், அதாவது எதையும் இழுக்கவோ மாட்டவோ அடியில் இருக்கும் இரும்பு அமைப்பில், செருகும் எங்கள் கயாக் ரேக் (சிறு துடுப்புப் படகைத் தாங்கும் சட்டம்) 38 கிலோ எடை. வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த இரும்புச் சட்டம், ஆள் உயரத்துக்கு நிற்கும். உறுதியில் குறை சொல்ல முடியாது. கழற்றி மாட்டுவதுதான் பெரும்பாடு. கனடாவில் டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம், கோடையில் ரூஜ் நதி ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் இடத்துக்கோ பிக்கரிங் பக்கமோ போய்வருவோம். மற்ற நாளில் ரேக்கோடு ஓட முடியாது. நம்பர் பிளேட்டை மறைத்தால் இங்கே அபராதம், பின்கதவும் திறக்காது. ஆக, ஒவ்வொரு முறையும் கழற்றியே ஆக வேண்டும்.

ரேக்கிலேயே சக்கரம் பொருத்தலாமே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரிவான வீட்டு வாசலில் ஏறும்போது தரையில் இடிக்கும், பனிக்காக ரோட்டில் தூவும் உப்பும் மணலும் பேரிங்குக்குள் போய்விடும். சக்கரம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தனியாக ஒரு மேடை செய்துகொண்டோம்.

கனமான பிளைவுட் பலகை, நாலு மூலையிலும் சக்கரம், நடுவில் ஒரு தூண். தூணின் தலையில் மேல்பக்கம் திறந்த ஒரு இரும்புத் தாங்கி. ரேக்கின் அடிக்குழாய் அதில் உட்காரும், நிமிர்ந்த சட்டத்தைப் பட்டையால் தூணோடு கட்டிவிடுவோம். தாங்கிக்குக் கீழே ஒரு கத்தரி ஜாக் வைத்ததுதான் முக்கியமான விஷயம். ரேக்கின் அடிக்குழாய் நுழையும் ஹிட்சின் சதுரக் குழாய்தான் ரிசீவர். 2 அங்குல ரிசீவருக்குள் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரேக் கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்திருந்தாலும் வழியில் சிக்கி நிற்கும், எவ்வளவு ஆட்டினாலும் வராது. ஜாக்கை மெல்லச் சுற்றி எடையைத் தாங்கியில் வாங்கிக்கொண்டால், ரேக்கை ரிசீவரோடு பூட்டும் இரும்புப் பின் (pin) தானாகத் தளர்ந்து கையோடு வரும். அந்தப் பின் இன்னும் இறுக்கமாக இருந்தால் உயரம் சரியில்லை என்று அர்த்தம். அப்புறம் மேடையைப் பின்னால் இழுத்தால் போதும், ரேக் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆட்டம் தடுக்கும் யூ போல்ட் போட்டிருந்தால் அதை முதலில் தளர்த்த வேண்டும்.

சக்கரத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். 5 அங்குல பாலியூரித்தேன் சக்கரம் கராஜ் தரையின் வெடிப்பையும் சிறு கல்லையும் தாண்டிவிடும். சின்னச் சக்கரம் கல்லில் தட்டி நின்றால் உயரமான ரேக் மேடையோடு கவிழும், பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் பலகையையும் அகலமாக வெட்டினோம். நாலு சக்கரமும் திரும்புகிற வகையாக இருக்கட்டும். ரிசீவருக்கு நேரே கொண்டுவர ஒரு விரல் அளவு பக்கவாட்டில் நகர்த்த வேண்டிவரும், திரும்பாத சக்கரத்தில் அது நடக்காது. இரண்டுக்காவது பிரேக் வேண்டும்.

சில குளிர்காலம் பார்த்துவிட்டோம். பலகை வளையவில்லை, சக்கரங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரேக் நெம்புகோல் ஒன்று தேய்ந்து பிடிப்பு குறைந்ததால் மாற்றினோம். ஜாக்கின் திருகுக்கு வசந்தத்தில் கிரீஸ் போட வேண்டும், காய்ந்துவிட்டால் சுற்றவே கை வலிக்கும். குளிர்காலத்தில் ரேக் மேடை மேலேயே கராஜ் மூலையில் நிற்கும், காரின் ரிசீவருக்கு ரப்பர் மூடி போட்டுவிடுவோம். உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் துரு ஏறினால் வசந்தத்தில் சட்டம் நுழையாது.

முன்பு இரண்டு பேர் பிடித்தால்தான் முடியும். இப்போது என் மனைவி தனியாகவே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஒரே குறை, சமதரை வேண்டும். வாசல் சரிவில் இதைப் பயன்படுத்தவே கூடாது, காரை கராஜுக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்திய பிறகுதான் பின்னைத் தொட வேண்டும்.