நாசிக் ஒயின் தோட்டங்கள்: ஒரு நாளைக்கு ஒரு திசை, இரண்டு ஆலை போதும்

நாசிக்குக்கு ஒயின் ஆலை பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர், கேள்விப்பட்ட நாலு பெயரையும் ஒரே நாளில் முடித்துவிட நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எல்லாவற்றின் முகவரியிலும் ‘நாசிக்’ என்றுதான் இருக்கும். ஆனால் ஆலைகள் ஊரைச் சுற்றி மூன்று பக்கமாகப் பிரிந்து கிடக்கின்றன. மேற்கே கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க், சோமா. வடக்கே திண்டோரியில் ஷாண்டன். தென்மேற்கே, மும்பை சாலையில் இகத்புரி வட்டாரத்தில் வலோனே, குரோவர் ஸாம்பா. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஊர் நெரிசலுக்குள் புகுந்து வரவேண்டும். அதிலேயே மத்தியானம் போய்விடும். அதனால் முதலில் திசையை முடிவு செய்யுங்கள், ஆலையை அப்புறம் பார்க்கலாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை கங்காபூர் பக்கம். மூன்று ஆலையும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. சுலா 2005-இல் டேஸ்டிங் ரூம் (ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் அறை) திறந்தது. இந்தியாவில் ஒயின் சுற்றுலா என்று ஒன்று உருவானதே அதற்குப் பிறகுதான். சுற்றிக் காட்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். திராட்சை வந்து இறங்கும் இடம், காம்பு பிரிக்கும் இயந்திரம், பிழியும் பிரஸ், எஃகுத் தொட்டிகள், ஓக் பீப்பாய் அறை, கடைசியில் டேஸ்டிங். அடிப்படை தெரியாதவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் சனி, ஞாயிறுகளில் மும்பையே திரண்டு வந்ததுபோல் கூட்டம். அந்தக் கூட்டத்தில் வழிகாட்டி சொல்வது பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. வார நாளில், காலை முதல் சுற்றில் போங்கள். அதே இடம், அதே ஒயின், ஆனால் அனுபவம் இரண்டு மடங்கு.

யார்க் அளவில் சிறியது, சாயங்காலத்துக்கு ஏற்றது. 2021 முதல் அதுவும் சுலா குழுமத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் லேபிள்கள் தனி. கங்காபூர் நீர்த்தேக்கம் தெரிகிற மாடியில் உட்கார்ந்து, ஷிராஸ், கபர்னே சோவினியோன் என்கிற இரண்டு திராட்சை வகைகள் கலந்த சிவப்பு ஒயின் ‘அரோஸ்’ ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டால் அவசரமே இல்லாமல் ஒரு மணி நேரம் போகும். சோமாவில் தங்கும் அறைகள் உண்டு. இரவு தங்குகிறவர்கள் அதை யோசிக்கலாம், ஒருநாள் பயணத்துக்கு அவசியமில்லை.

மும்பையிலிருந்து காரில் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். இகத்புரி அதற்கு முன்பே வந்துவிடும். 2025 ஜூனில் மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையின் கடைசிப் பகுதி, இகத்புரியிலிருந்து பிவண்டி அருகே ஆமனே வரை, திறந்தபிறகு கசாரா காட் மலைப்பாதையில் ஏறவேண்டிய அவசியமும் இல்லை. வலோனேயைப் பார்த்து, அங்கேயே சாப்பிட்டு, நாசிக் ஊருக்குள் போகாமலே திரும்பிவிடலாம். காயவைத்த திராட்சையில் செய்கிற இனிப்பு ஒயின் ஒன்று அங்கே உண்டு, அதைக் கேட்டுச் சுவையுங்கள். புனேயிலிருந்து 210 கிலோமீட்டர், போய்வரவே ஒன்பது, பத்து மணி நேரம். அதை ஒருநாள் பயணமாகப் பரிந்துரைக்க மாட்டோம். ஷீரடி, திரியம்பகேசுவர் தரிசனத்துக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் பலர் அதே நாளில் ‘அப்படியே சுலாவும்’ என்று டிரைவரிடம் சொல்கிறார்கள். ஷீரடியிலிருந்து நாசிக் வரவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். தரிசன வரிசை எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் வேறு வேறு நாளில் வையுங்கள்.

திண்டோரியின் ஷாண்டன், நுரை ஒயினுக்குப் பேர்போன ஆலை. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடும் பழைய பிரெஞ்சு முறையை நேரில் காண அதுதான் இடம். முன்கூட்டிப் பேசி நேரம் வாங்காமல் கிளம்ப வேண்டாம்.

எப்போது போவது? ஏமாற்றம் அதிகம் வருவது இந்த விஷயத்தில்தான். பச்சைப் பசேலென்று இருக்கும் என்று ஜூலை, ஆகஸ்டில் போகிறார்கள். பச்சை இருக்கும், மழை இருக்கும், கொடியில் ஒரு கொத்துகூட இருக்காது. குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் உறங்கும். சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிற நாசிக்கில் அந்த அளவுக்குக் குளிர் இல்லை, கொடி உறங்குவதே இல்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். ஏப்ரல் கவாத்து கிளையை உருவாக்க, செப்டம்பர்–அக்டோபர் கவாத்து காய்க்க வைக்க. மழைக்காலம் பழமில்லாமல் கழிந்துவிட, டிசம்பரில் காய் நிறம் மாறி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பகல் வெயிலில் இனிப்பு ஏறும், ஜனவரி இரவுக் குளிரில் புளிப்பு கெடாமல் நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒயின்.

ஆக, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் சரியான நேரம். வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்து ஆலைக்குக் கொண்டு வருவார்கள். காலையில் போனால் பெட்டி பெட்டியாகத் திராட்சை இறங்குவதையும், நொதிக்கும் தொட்டியருகே மாவு புளிப்பதுபோல் எழும் வாடையையும் நேரிலேயே அறியலாம். மே மாதம் போனால் அதே தொட்டிகள் சத்தமில்லாமல் நிற்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் சுலாஃபெஸ்ட் இசைவிழா நடக்கும் வாரக்கடைசியை, விழாவுக்குப் போகாதவர்கள் தவிர்க்கவேண்டும், ஊரில் அறையே கிடைக்காது. 2027 ஆகஸ்ட், செப்டம்பரில் நாசிக்கில் கும்பமேளா, அந்த மாதங்களையும் விட்டுவிடுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் மது விற்பனை கிடையாது. தேர்தல் நாட்களும் அப்படியே. மகாராஷ்டிரத்தில் ஒயின் அருந்த வயது 21 நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

இனி வண்டி. டேஸ்டிங்கில் ஒரு ஊற்று, அதாவது ஒருமுறை ஊற்றித் தரும் அளவு, சுமார் 30 மில்லி, கிளாஸின் அடியில் ஒரு விரல் உயரம்கூட இருக்காது. ‘இதுதானே’ என்று தோன்றும். ஆறு வகை சுவைத்தால் 180 மில்லி. ஒயினில் ஆல்கஹால் சராசரி 12.5 சதவீதம் என்று வைத்தால், உடம்புக்குள் போவது சுமார் 18 கிராம். 60 கிலோ எடையுள்ளவர் வெறும் வயிற்றில் இதைக் குடித்தால், ரத்தத்தில் 100 மில்லிக்குத் தோராயமாக 40 மில்லிகிராம் ஏறும். சட்டம் அனுமதிப்பது 30. அதாவது ஒரே ஒரு டேஸ்டிங் போதும், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. முதல்முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘கொஞ்சம்தான் குடித்தேன், நானே ஓட்டுகிறேன்’ என்கிற பேச்சுக்கே இதில் இடமில்லை.

எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்கிற வழக்கமான வாடகை பேக்கேஜ் கங்காபூர் பக்கத்துக்குச் சரியாகப் பொருந்தும். நாசிக் ரோடு ஸ்டேஷனிலிருந்து சுலா சுமார் 20 கிலோமீட்டர்தான். திண்டோரியையும் சேர்த்தால் 80 தாண்டிவிடும், கூடுதல் கிலோமீட்டர் ரேட்டை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆப்பில் வண்டி பிடித்துப் போகலாம், திரும்புவதுதான் கஷ்டம். சாயங்காலம் அணைப் பக்கம் வண்டி கிடைக்காமல் நிற்கிறவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

மும்பையிலிருந்து ரயிலில் வந்தால் நாள் இப்படி அமையும். காலை ஷீரடி வந்தே பாரத் ஒன்பது மணிவாக்கில் நாசிக் ரோடு வரும் (செவ்வாய் கிடையாது). வயிறு நிறையச் சாப்பிடுங்கள், ஆனால் மிசல் பாவ் (காரமான பயறுக் குழம்பும் பன்னும்) வேண்டாம். நாசிக் மிசல் அருமையானது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காரம் நாக்கில் ஏறினால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு எந்த ஒயினும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போஹாவோ (அவல் உப்புமா) இட்லியோ போதும். 11 மணிக்குள் சுலா, சுற்றிப் பார்த்து டேஸ்டிங், அங்கேயே நிதானமாகச் சாப்பாடு. மூன்று மணிக்கு யார்க். ஐந்தே காலுக்குக் கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் நாசிக் ஊருக்குள் துவாரகா சாலைச் சந்திப்பில் நெரிசல் மோசம். ஏழரை மணிவாக்கில் திரும்பும் வந்தே பாரத்தைத் தவறவிட்டால் அந்த இரவு சிரமம்தான்.

டேஸ்டிங் மேசையில் சில விஷயங்கள். அன்று சென்ட், புதினா மிட்டாய், பாக்கு வேண்டாம். தலையில் மல்லிகைச் சரம் இருந்தால்கூட மணம் குழம்பும். நுரை ஒயின், வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு என்கிற வரிசையை மாற்றாதீர்கள். இனிப்பு முன்னால் வந்தால் பின்னால் வருவதெல்லாம் புளிக்கும். சோவினியோன் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினில் குடைமிளகாயை நறுக்கியதும் வருகிற பச்சை வாடையைத் தேடுங்கள். இன்னொரு வெள்ளை ஒயினான ஷெனின் பிளாங்க் லேசான இனிப்பு, நம் காரச் சாப்பாட்டுக்கு அதுதான் ஒத்துப்போகும். ஷிராஸில் மிளகு வாசம். சிவப்பு ஒயினைக் குடித்ததும் கன்னத்தின் உட்புறம் இறுகுகிறதே, அது கசப்பு இல்லை, துவர்ப்பு. கொட்டைப்பாக்கு மென்று பழகிய நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. துப்புவதற்கு மேசையில் பாத்திரம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அங்கே துப்புவது மரியாதைக் குறைவல்ல, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒரு ஊற்றுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருங்கள்.

பாட்டில் வாங்குவதைக் கடைசி ஆலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் வெயிலில் நிற்கிற காரின் டிக்கி அடுப்புபோலச் சூடேறும். இரண்டு மணி நேரத்தில் கார்க் மேலே தள்ளும், பழவாசனை போய் வேகவைத்த ஜாம்போல் ஆகிவிடும். முன்பே வாங்கியே ஆகவேண்டுமென்றால் தெர்மாகோல் பெட்டி எடுத்துப் போங்கள், அல்லது சாப்பிடும்வரை கவுன்டரிலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். பில்லைத் தூக்கி எறியாதீர்கள். திண்டோரி வழியாக அப்படியே சாபுதாரா மலைக்குப் போகிற திட்டம் இருந்தால் பாட்டிலே வாங்க வேண்டாம். சாபுதாரா குஜராத், அங்கே மதுவிலக்கு. அனுமதி இல்லாமல் டிக்கியில் ஒரு பாட்டில் இருந்தாலும் வழக்குதான்.