மூன்று ஜப்பானிய மினிவான்கள்: கொழும்புக் குடும்பத்துக்கு எது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், 2022இல் ஜப்பானில் புது வடிவம் பெற்ற டொயோட்டா நோவா, ஹொண்டா ஸ்டெப்வாகன், நிசான் செரீனா ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது பயனுள்ளது. மூன்றிலும் பக்கவாட்டுக் கதவுகள் சறுக்கித் திறப்பதால், வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் மதிலை ஒட்டி நிறுத்தினாலும் அம்மம்மாவைச் சிரமமின்றி இறக்கலாம்.

உண்மையான வேறுபாடு மூன்றாம் வரிசை இருக்கையில்தான் தெரிகிறது. நோவாவிலும் செரீனாவிலும் அது இரு பக்கமும் மேலே மடிந்து பின் யன்னல்களை ஓரளவு மறைக்கிறது. ஸ்டெப்வாகனிலோ தரைக்கடியில் முழுமையாக அடங்கிவிடுவதால், யாழ்ப்பாணப் பயணத்துக்கான பெட்டிகளையும் பனங்கிழங்குக் கட்டுகளையும் சமதளத்தில் அடுக்கலாம்.

செரீனா ஈ-பவரில் 1.4 லீற்றர் எஞ்சின் மின்சாரத்தை உற்பத்தி செய்ய மட்டுமே இயங்க, சக்கரங்களை மோட்டாரே சுழற்றுகிறது. காலி வீதி நெரிசலில் அந்த மென்மை மிகவும் இதமானது. நோவாவின் 1.8 லீற்றர் ஹைபிரிட் தொழில்நுட்பமோ இங்குள்ள மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமானது. நீண்டகாலம் வைத்திருக்க எண்ணுவோருக்கு நான் நோவாவையே பரிந்துரைப்பேன். ஏழு பேரும் சாமான்களும் அடிக்கடி மாறிமாறி ஏறும் வீட்டுக்கு ஸ்டெப்வாகனே பொருத்தம்.